‘பழுது’ என்று ஒட்டிய மெஷின்

சிட்டு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. அதனால் உன் செல்லப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். நீ சௌக்கியமாக இருப்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. நான் சௌக்கியமாக இல்லை.

நீ கேட்ட பணி அனுபவச் சான்றிதழ் இதே உறையில் இருக்கிறது. இது இருந்தால்தான் அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலையை நிரந்தரம் செய்வார்கள் என்றாயே, மேட்ரன் இந்தத் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு நாள் நான்தான் அனுப்ப மனமில்லாமல் பிடித்து வைத்திருந்தேன்.

கூடவே ஒரு வேடிக்கையும் எழுதியிருந்தாய். அங்கேயும் நர்சுகள் கையுறைப் பெட்டி, நல்ல கத்தரிக்கோல் என்று எதையாவது அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைப்பார்களாம். அதற்கு இங்கிலீஷில் ‘ஸ்டாஷ்’ என்று ஒரு வார்த்தையாம். பிறகு நமக்கு உதவும் என்று யாருக்கும் தெரியாமல் வைப்பது. சாக்லேட்டை மேசைக்குள் வைத்தாலும் ஸ்டாஷ்தான், திருடன் நகையைப் புதைத்தாலும் ஸ்டாஷ்தான். பேச்சில் சொல்லலாம், மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் போடக்கூடாது. பாடமே நடத்திவிட்டு, தமிழில் இதற்கு என்னக்கா வார்த்தை என்று கேட்டிருந்தாய்.

நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? ஒளிப்பது, பதுக்குவது, அமுக்குவது. ஆனால் நம் வார்டில் நாம் இதில் ஒன்றையும் சொன்னதில்லை. ‘எடுத்து வைக்கிறது’ என்றோம். என்ன மரியாதையான பேச்சு! அரிசி மூட்டையைப் பதுக்குகிறவனும் வீட்டில் இப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

விஷயத்தைக் கேள். போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் இருபது நாள் குழந்தை ஒன்றுக்குப் பால் புரையேறி மூச்சு முட்டிவிட்டது. நான் வேறொரு குழந்தையை எக்ஸ்ரேவுக்குத் தூக்கிப் போயிருந்தேன். வார்டில் இருந்தது உன் இடத்துக்கு வந்த பெண் மட்டும்தான். கண்ணாடி சிஸ்டர் என்பார்கள் தாய்மார்கள். குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டியிருக்கிறாள். போதவில்லை. தொண்டையில் அடைத்ததை உறிஞ்சி எடுக்க சுவரில் இருக்கும் சக்‌ஷன் குழாய் அந்த நேரம் பார்த்து அடைத்துக்கொண்டது. குழந்தையோடு துணி அறைக்குள் ஓடியிருக்கிறாள். கிழிந்த போர்வைகளுக்குப் பின்னால் சின்ன சக்‌ஷன் மெஷின் இருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டர், அதில் உன் குண்டு குண்டு எழுத்தில் ‘பழுது’.

படிக்கத் தெரிந்தவள் என்ன செய்வாள்? அதை விட்டுவிட்டு, குழந்தையைக் கையில் கவிழ்த்துப் பிடித்தபடி இரண்டு மாடி இறங்கிக் கீழ்வார்டுக்கு ஓடினாள். சாயங்காலம் நான் அந்த மெஷினின் பிளக்கைச் சொருகினேன். பழுதும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஜோராக ஓடியது.

குழந்தை பிழைத்துவிட்டது. அந்தச் சில நிமிடங்கள் என்ன செய்திருக்கும் என்று போகப் போகத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். அந்தத் தாய், அவங்க ஓடின ஓட்டத்துலதான் எம்பிள்ள இருக்கு, அவங்களக் கண்ணுல காட்டுங்க சிஸ்டர் என்று தினமும் கேட்கிறாள். எங்கே காட்டுவது? அவளைத்தான் வேலைக்கு வராதே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே.

ரிப்பேர் நோட்டில் இந்த மெஷின் ஏறவே இல்லை. ஓடுற மெஷின விட்டுட்டு எதுக்கும்மா கீழ ஓடின, தப்ப மறைக்க நீயே அப்புறம் பிளாஸ்டர் ஒட்டுனியா என்று மேட்ரன் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் மூன்றாம் தேதி விசாரணை. அதில் அவள்மேல் தப்பு என்று முடிந்தால் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் நர்சாக நிற்க முடியாது.

எனக்கு வயிறு எரிகிறது, சிட்டு. கீழ்வார்டுக்காரிகள் எதை வாங்கினாலும் உடைத்துத்தான் தருவார்கள், வாஸ்தவம். அதற்காக ஒளித்தாய். ஊரை விட்டுப் போகிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வாயா இல்லை? நீ போய் நாலு மாதம்! கேக் வெட்டினாய், கட்டிப்பிடித்து அழுதாய், போட்டோ எடுத்தாய், இதை மட்டும் மறந்தாய்.

அக்காவுக்குத்தான் தெரியுமே என்று நினைத்திருப்பாய். தெரியும். பிளாஸ்டரைக் கிழித்துக் கொடுத்தவளே நான்தான். பெருசா எழுதுடி, கீழ்வார்டுக்காரிங்க கண்ணுல படணும் என்று சிரித்தவளும் நான்தான். மேட்ரன் முதலில் கேட்டபோது எனக்குத் தெரியாது என்றேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன்மேல் வருகிற கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

நேற்று மேட்ரனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. சின்னப் பெண்ணைக் காப்பாற்ற நான் பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேனாம். இது உன் எழுத்தே இல்லையே என்கிறார். யார் எழுத்து என்று இன்னும் நான் சொல்லவில்லை. நீ சொல்வாய் என்று காத்திருக்கிறேன். மாதம் பிறக்கும்வரை பார்ப்பேன், அதற்குமேல் நானே சொல்லிவிடுவேன்.

இது அங்கே தெரிந்தால் உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மேட்ரனுக்கு நாலு வரி எழுது. டைப் அடிக்காதே, உன் கையாலேயே எழுது. பிளாஸ்டரோடு வைத்துப் பார்ப்பார்கள். உன் கைக்கு வருகிற குழந்தைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன் அக்கா