ஓடிப்போனவளின் அடையாளங்கள்

14 ஏப்ரல் 2026, செவ்வாய்

புது வேலை வந்திருக்கிறது. அமெரிக்கா விடுதலை அறிவித்து இருநூற்றைம்பது வருஷம் ஆகிறதாம். ஜூலையில் இங்கே ஒரு தனியார் கலைக்கூடத்தில் கண்காட்சி. சுவரில் மாட்டும் விளக்கப் பலகைகளுக்கெல்லாம் தமிழ் நான்தான். ஒவ்வொன்றின் கீழும் மொழிபெயர்த்தவர் பெயர் போடுவார்களாம். பத்து வருஷமாக மொழிபெயர்க்கிறேன், இதுதான் முதல் தடவை! யூசுப்பிடம் சொன்னேன். "இனிமே உன்னைப் பிடிக்க முடியாது லா, ருக்ஸானா," என்று கிண்டலடித்துவிட்டு என் கணவர் வேலைக்குக் கிளம்பினார்.

வழக்கம்போல முதல் பலகையைப் பாப்பம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். பொங்கோலில் எங்கள் வீட்டில் வேலைக்கு இருப்பவள். புதுக்கோட்டைப் பக்கம். கடல் கடந்து இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. அவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும். அதனால் எதை எழுதினாலும் அவள் காதில் போட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். 'எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டார்கள்.'

"புரியுது மேடம்," என்றாள், தலையைத் தூக்காமல். எப்போதும் அப்படித்தான்.

17 ஏப்ரல், வெள்ளி

இரண்டாம் பலகை. அந்த வரியை எழுதியவர் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்ன நெஞ்சழுத்தம்! பாப்பம்மாளிடம் பொரிந்து தள்ளினேன்.

"அவரு எழுதுனதை வீட்ல வேலை செஞ்சவங்களுக்கு வாசிச்சுக் காட்டுனாரா மேடம்?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேன். உடனே சிரிப்பு நின்றுபோனது. ஏன் என்று தெரியவில்லை.

19 ஏப்ரல், ஞாயிறு

தேக்கா சந்தையில் மீன், கறி, வாழை இலை. பாப்பம்மாள் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மாதத்தில் ஒரு நாளாவது லீவு விட வேண்டும் என்பது சட்டம். இதுதான் அவளுடைய லீவு: எங்களோடு வெளியே வருகிறாள், பரோட்டா வாங்கித் தருகிறோம், இன்னும் என்ன?

அவள் ஊர்க்காரி ஒருத்தியைப் பார்த்தோம். சரஸ்வதி, புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். இரண்டு நிமிஷம் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பும்போது ரயிலில் பாப்பம்மாள் கேட்டாள்: "அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை நான் மட்டும் வந்துட்டுப் போகட்டுமா மேடம்?"

"தனியா வந்து என்ன செய்யப் போற?"

பைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம். வெளியே விட்டால் யார் என்ன சொல்லிக் கெடுப்பார்களோ. அவள் பாஸ்போர்ட்கூட என் அலமாரியில், நகைப் பெட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான்.

23 ஏப்ரல், வியாழன்

மூன்றாம் பலகை. ஓடிப்போன அடிமைப் பெண்ணைப் பிடித்துத் தரச் சொல்லி ஒரு எஜமான் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம்.

'ஓடிப்போனாள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒடிசலான தேகம். பேசும்போது தலை நிமிர மாட்டாள். நீலத் துணி மூட்டை ஒன்றை எடுத்துச் சென்றிருக்கிறாள். வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை.' கீழே எஜமானின் பெயர்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த பாப்பம்மாளின் கத்தி நின்றது. "இன்னொருக்கா வாசிங்க மேடம்." இதுவரை அவள் அப்படிக் கேட்டதே இல்லை. மூன்று தடவை வாசிக்க வைத்தாள்.

24 ஏப்ரல், வெள்ளி

காலையில் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் விளம்பரத்தின் நடுவே ஒரு வரி: 'இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு.' ஆங்கிலத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. அந்தத் தழும்பு இருப்பது பாப்பம்மாள் கையில். போன வருஷம் அயர்ன் போடும்போது பட்டது. சீக்கிரம், சீக்கிரம் என்று நான்தான் பக்கத்தில் நின்று விரட்டினேன்.

நினைவில்லாமல் தட்டியிருப்பேன். அழித்துவிட்டேன்.

27 ஏப்ரல், திங்கள்

அதே வரி. அதே இடம். என் கணினியை வேறு யாராலும் திறக்க முடியாது. மறுபடி அழித்தேன்.

29 ஏப்ரல், புதன்

மத்தியானம் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் யாரோ அந்த விளம்பரத்தை வாசிக்கிறார்கள். யாரோ என்ன — என் குரல். நான் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு, நான் இழுக்கும் இடத்தில் இழுத்து.

போய்ப் பார்த்தேன். பாப்பம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தழும்பு வரியும் அதில் இருந்தது.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள். "நீங்கதான மேடம் வாசிச்சீங்க."

நானா? எப்ப வாசிச்சேன்? எனக்குப் பயமா இருக்கு. என் வீட்டுக்குள்ளேயே பயமா இருக்கு.

யூசுப்பிடம் சொன்னேன். "ஒரு நாள்தானே லா, லீவு விட்டுடு," என்றார். ஜூனில் பார்க்கலாம் என்றேன்.

3 மே, ஞாயிறு

பாப்பம்மாளைக் காணோம்.

சோறு வடித்து, மீன் கழுவி, தரை துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அலமாரியைத் திறந்தேன். பாஸ்போர்ட் அங்கேயே இருந்தது.

யூசுப்போடு போலீஸ் நிலையம் போனேன். அங்கே இருந்தவர் தமிழர். ஸ்ரீநாத் என்று சட்டையில் பெயர். "அடையாளம் சொல்லுங்க மேடம்," என்றார்.

"வயசு முப்பத்தஞ்சு இருக்கும். ஒடிசலான உடம்பு. பேசும்போது தலை நிமிர மாட்டா. நீலத் துணிப்பை ஒண்ணு எடுத்துட்டுப் போயிருக்கா. இடது மணிக்கட்டுல தீக்காயத் தழும்பு. வீட்ல ஒரு கொறையும் வைக்கல."

யூசுப் மெதுவாக என் பக்கம் திரும்பினார். வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. என்னால் நிறுத்த முடியவில்லை.

"அவங்க பாஸ்போர்ட்?"

"என்கிட்ட இருக்கு."

ஸ்ரீநாத் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

5 மே, செவ்வாய்

அரசு அதிகாரி ஒருவர் போன் செய்தார். பாப்பம்மாள் பத்திரமாக இருக்கிறாள். புகார் கொடுத்திருக்கிறாள். திரும்பி வர மாட்டாள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அழுதேன். வெட்கத்தில் அழுதேன். அதற்கு வேறு பெயர் சொல்லி என்னையே ஏமாற்றிக்கொள்ள இப்போது தெம்பில்லை.

பலகைகளை இன்றைக்குள் கேட்டிருந்தார்கள். வாசித்துக் காட்ட ஆள் இல்லை. பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

5 ஜூலை, ஞாயிறு

கண்காட்சிக்குத் தனியாகப் போனேன். மூன்றாம் பலகையின் முன் நின்றேன். ஆங்கிலத்தில் இல்லாத அந்த வரி தமிழில் இருந்தது. இரண்டு தடவை அழித்த வரி.

அங்கே பணியில் இருந்த அமலா என்ற பெண் பக்கத்தில் வந்தாள். "காலையிலயும் ஒருத்தங்க இதையேதான் பார்த்தாங்க அக்கா. கூட ஒரு ஃபிரெண்டு. புது வீட்ல ஞாயிறு ஞாயிறு ஆஃப் குடுக்கிறாங்களாம். முழுசையும் சத்தமா வாசிச்சாங்க. வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்த வரி பக்கத்துல கையை வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. கீழ இருக்கிற பேரைத் தடவிப் பார்த்தாங்க. போயிட்டாங்க."

குனிந்து பார்த்தேன். எஜமானின் பெயர் ஆங்கிலப் பத்தியோடு நின்றுவிட்டது. தமிழுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. விளம்பரம் முடிகிற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

ருக்ஸானா பேகம்.