வெள்ளை கவுனும் படகின் வயிறும்

என் பாசமுள்ள அக்கா,

படகு மிதக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைக் கேட்க மாட்டாய். நடுவில் திட்டாமல் கேள்.

போன ஞாயிறு நம் கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. பூசை முடிந்த கையோடு அந்தப் பிள்ளைகளை எஸ்டேட் ஏரியில் ஒரு சுற்று அழைத்துப்போவது நீ உண்டாக்கிய வழக்கம். விருந்தாளிகளுக்காக முதலாளி வாங்கிப்போட்ட மோட்டார் படகுதான் என்றாலும், ஓட்டியதும் கழுவியதும் நீதானே. நீ கண்ணை மூடிய பிறகு வரும் முதல் புதுநன்மை இது. படகு உண்டா என்று நாகலூர் பஸ்ஸில்கூட என்னைப் பிடித்துக் கேட்டார்கள். உண்டு என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அப்புறம் தூக்கம் போயிற்று. இந்த வருடம் நின்றால் அது அப்படியே நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு மோட்டாரைப் பற்றிப் பெரிய கவலை இருந்ததில்லை. நின்றுபோனால் துடுப்புப் போட்டுக் கரை சேரலாம் என்பாய். உன் கவலையெல்லாம் படகுத் தரைக்கு அடியில், பின்பக்கம் தண்ணீர் சேரும் அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான். அதற்கு நீ வைத்த பெயர் வயிறு. "வயிறு காஞ்சிருக்குதான்னு பாத்துட்டு ஏறு சாமி" என்பாய். மழைத் தண்ணீர் தரையில் உள்ள துளைகள் வழியாக அங்கே இறங்க வேண்டும், தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பிப் பம்ப் ஓட வேண்டும், பக்கவாட்டுக் குழாய் வழியாக எல்லாம் ஏரிக்கே போக வேண்டும். வெள்ளை கவுனில் அழுக்குத் தண்ணீர் பட்டால் பிள்ளைக்கு அந்த நாளே கெட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்குவாயே, மறக்குமா?

நானும் முதல்நாளே எல்லாம் பார்த்தேன். சில்வர் ஓக் மரச் சருகுகளைத் துளைகளிலிருந்து குச்சியால் நோண்டி எடுத்தேன். பம்ப் சுவிட்சைக் கையால் போட்டு ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரி ஸ்டெல்லா வந்தாள்.

பிள்ளைகளின் துணி அழுக்காகக் கூடாது என்று காப்பிச் சாக்குகளைத் துவைத்து, விளிம்பு தைத்து, தரை முழுக்க விரித்துவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் மெச்சினேன். விடிகாலையில் ஒரு மழை.

பூசை முடிந்து கரைக்கு வந்து படகில் கால் வைத்தேன். சொதசொதவென்று இறங்கியது. சாக்கு துளைகளை மூடிவிட்டது. தண்ணீர் வயிற்றுக்குப் போகவே இல்லை, மிதவை எழும்பவும் இல்லை. பிள்ளைகள் வெள்ளையும் சொள்ளையுமாகக் கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்கிறார்கள்.

"முடியலீனா உட்ருங்ண்ணா, புள்ளைங்க ஏமாந்தாலும் பரவால்லீங்க" என்றாள் கிளியூரிலிருந்து வந்த ஒரு தாய். நீ இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

சாக்குகளை இழுத்துக் கரையில் போட்டேன். பின்பக்க மூடியைத் திறந்தால், கொஞ்சமாக இறங்கிய தண்ணீரோடு சாக்கு நாரும் போய்ப் பம்பின் வாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. விரலால் பிய்த்து எடுத்தேன். ஸ்டெல்லா தரையைத் துடைத்தாள். "நல்லதுக்குத்தானுங்க போட்டேன்" என்றாள், அழுகிற குரலில். "தெரியும் புள்ள, அந்த வாளிய எடு" என்றேன்.

அக்கா, நீ ஒவ்வொரு தடவையும் செய்வாயே, அதைச் செய்தேன். ஏரித் தண்ணீரை வாளி நிறைய மொண்டு, படகின் முன்பக்கத் தரையில் ஊற்றினேன்.

"ஏனுங்ண்ணா, இப்பத்தான தொடச்சீங்க?" என்று அந்தத் தாய் பதறினாள். தண்ணீர் துளை தேடி இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இன்னொரு வாளி. அப்புறம் அடியில் பம்ப் முனகியது, குழாயிலிருந்து தண்ணீர் ஏரியில் கொட்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நீ பார்த்தாயா?

மறுபடி துடைத்துவிட்டுத்தான் ஏற்றினேன். ஏரியின் நடுவில் மோட்டார் நின்றுவிட்டது, நீ சொன்னபடி துடுப்புதான். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

கரை சேர்ந்ததும் கிளியூர்க்காரி தன் மகளின் கவுன் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் இருந்த சின்னவளைக் காட்டி, "இவளுக்கும் புதுநன்மை வருமுங்க. அப்பவும் படகு உடுவீங்கதான?" என்றாள். அந்தக் குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை, அக்கா. விடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது சொன்னதுதான். யார் பதறினாலும் முதலில் வாளித் தண்ணீரை ஊற்றுவேன். அது வெளியே கொட்டும் சத்தம் கேட்ட பிறகே முதல் பிள்ளைக்குக் கை கொடுப்பேன்.

உன் கையைப் பிடித்தே படகேறிப் பழகிய தம்பி,
சூசை