எனக்கு கேஸ், செல்விக்குக் கவலை

என் தங்கமான தனம் அக்காவுக்கு,

நீ போன பிறகு இங்கே நடந்ததில் சிரிக்கிற மாதிரியும் ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன் காரியம் முடிந்த கையோடு எனக்கு நெஞ்சில் ஒரு அடைப்பு. உறக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போனேன். "குடிப்பழக்கம் உண்டா?" என்றார் அப்போதிருந்த டாக்டர். இல்லை என்றேன். "அப்ப வயித்துல கேஸ்தான்" என்று மாத்திரை எழுதிவிட்டார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கேஸ் என்றால் டீக்கடையில் சத்தமாகவே சொல்லலாம். அக்காவை நினைத்தால் அழுகை வருகிறது என்று ஒரு ஜீப் டிரைவர் எந்தக் கடையில் சொல்வான்?

கூட வந்த செல்வி, நடந்தால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றாள். "நாத்தனார் போன கவலைம்மா. மனசை லேசா வச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டார். உன் தம்பி பெண்டாட்டி விடுவாளா? "மூச்சு வாங்குதுன்னா மனசுங்கிறாக!" என்று வழியெல்லாம் சண்டை. டாக்டரிடம் இல்லை, என்னிடம்.

மாதங்கள் ஓடின. ஒரு காலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேகமலை ஏறும்போது, வளைவில் என் கை நடுங்க ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தினேன். "என்னண்ணே?" என்றார்கள் பின்னால் இருந்த பெண்கள். "இன்ஜின் சூடாயிருச்சு" என்றேன். அன்றுதான் பயந்துபோய்ச் செல்வியிடம் வாய்விட்டுச் சொன்னேன். மறுநாளே இழுத்துக்கொண்டு போனாள்.

புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நான் கேஸ் என்று ஆரம்பிக்க, செல்வி குறுக்கே விழுந்தாள்.

"அதெல்லாம் இல்ல டாக்டரம்மா. இவுக அக்கா போனதுல இருந்து இவுக உறங்குறதே இல்ல."

டாக்டரம்மா என்னிடம், "அக்கா எப்படிப்பட்டவுக?" என்று மட்டும் கேட்டார்.

"என்னைய ஏலேன்னு கூப்பிட இனிமே ஆளில்லம்மா" என்றேன். அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி அழுதேன்.

பிறகு டாக்டரம்மா, மூச்சு வாங்க நின்ற செல்வியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அவளுக்கு ரத்தசோகை! "ரெண்டு பேரையும் மாத்திப் பாத்திருக்காக" என்று டாக்டரம்மா சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை. "பொம்பளைன்னா மனசு, ஆம்பளைன்னா வயிறு. அம்புட்டுத்தான் இவுக கணக்கு!"

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு, இப்போது அவளுக்கு என்னை ஒரே மூச்சில் திட்டத் தெம்பு வந்துவிட்டது. நானும் டாக்டரம்மா கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறேன், அவரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். நன்றாக உறங்குகிறேன்.

உன் வீட்டுக்காரர் மச்சான்தான் உன் பேச்சையே எடுப்பதில்லை. எப்படியிருக்கீக என்றால், "முட்டிவலி மாப்ள" என்கிறார். முட்டியும் வலிக்கலாம், யார் கண்டது? டாக்டரம்மா இரண்டையும் பார்க்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் திராட்சைத் தோட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னைப் பற்றி நானே முதலில் பேசுவேன். அவர் அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். உனக்குச் சத்தியம், அக்கா.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவன்,
தம்பி முத்து