கஞ்சி உப்பில் கால்வாசி

இன்று காலை கந்தோர்க் களஞ்சியத்தைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். உடைந்த கதிரைகளுக்குப் பின்னால், சாக்கு மூடியபடி அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாய் ஒரு கோடு மட்டும். உப்பு. கழுவி வைக்கட்டாம். புதிதாக வந்த பெரிய ஐயா அதில் குரோட்டன் செடி நடப்போகிறாராம்.

சாக்கைக் கையில் பிடித்தபடி கனநேரம் நின்றேன். அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. நீ செத்த அன்றும் வரவில்லை.

பழைய பெரிய ஐயாவின் பங்களா விறாந்தையில் இருந்த தொட்டி அது. கொழும்பிலிருந்து ரயிலில், தகர வாளிக்குள் வந்த ஆறு தங்கமீன்கள். வன்னியில் சனம் குளத்து மீனைச் சட்டிக்குள் போடத்தான் பிடித்தது. பார்ப்பதற்கென்று மீன் வளர்ப்பதை நாங்கள் அங்கேதான் முதலில் கண்டோம். நான் கந்தோரில் கிளாக்கர், பின்னேரத்தில் பங்களா அம்மாவின் எடுபிடி. நீ தோட்டக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனால் நான் வெள்ளாளன், நீ நாங்கள் கீழே வைத்த சாதி. பங்களாக் கிணற்றில் நீ அள்ளக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்டிக் குடியேற வந்த எங்கள் ஆட்கள் பானை சட்டியோடு அதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதனால் தண்ணீர் அள்ளுவது நான். தொட்டிக்குள் கைவிட்டுப் பாசி உரசுவது நீ. உனக்குத் தேத்தண்ணி சிரட்டையில்.

"மீனுக்குத் தீட்டு இல்லைப் போல, கிளாக்கர்" என்று ஒருநாள் முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டபடி சிரித்தாய். அதையே நான் சாதி ஒழிப்புச் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். நீ பின்னால் நின்று கேட்டாய். திரும்பி வரும்போது, "நல்லாப் பேசுறாய் மச்சான்" என்றாய். ஆட்கள் இல்லாத இடத்தில்தான் என்னை மச்சான் என்பாய்.

மீன்களின் செட்டையில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. அவை கல்லில் உடம்பை உரசத் தொடங்கின. பங்களா அம்மா கொழும்புக்குத் தந்தி அடிக்கப் பார்த்தா. நீதான், "கொஞ்சம் கல்லுப்புத் தாங்கோ அம்மா" என்றாய். ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்த குடும்பம் உன்னுடையது. வாளித் தண்ணீரில் உப்பை முழுக்கக் கரைத்து, சிரட்டை சிரட்டையாய்த் தொட்டியின் ஓரத்தில் வார்த்தாய். கரையாத உப்பு மேலே விழுந்தால் மீனைச் சுடும் என்றாய். பிறகு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாய்.

"கஞ்சிக்குப் போடுறதில கால்வாசி. அதுக்கு மேல கரிக்கக்கூடாது. நீயும் வைச்சுப் பார்."

"எனக்கு விளங்குது, நீ வேலையைப் பார்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

உன் அக்காவின் கலியாணத்துக்கு நீ ஒரு கிழமை லீவில் போனாய். போகும்போது படலையில் நின்று, "ஒவ்வொரு முறையும் நாக்கில வைச்சுப் பார்த்திட்டுப் போடு. கரிச்சால் வெறும் தண்ணி விடு" என்றாய்.

அது சோளகக் காலம். புழுதிக் காற்றில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. இறங்க இறங்க நான் உப்புக் கரைத்த தண்ணீரையே வார்த்தேன். பங்களா அம்மாவும் கதிரையில் இருந்தபடி, "கொஞ்சம் கூடப் போடும் தம்பி, மருந்துதானே" என்றா. ஒருநாளும் நான் நாக்கில் வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல. ஒவ்வொரு நாளும் விரலைத் தோய்த்தேன். உன் கை ஊறிய தண்ணீர் என்ற நினைப்பு வரும். விரலை வேட்டியில் துடைத்துவிடுவேன். அவ்வளவுதான் நடந்தது.

நீ திரும்பி வந்த காலை ஆறு மீனும் மிதந்தன. நீ விரலைத் தோய்த்து நாக்கில் வைத்து உடனே துப்பினாய்.

"தண்ணிதான் காயும், கிளாக்கர். உப்பு எங்க போகும்? உப்பளத்தில நாங்கள் அதைத்தானே வழிக்கிறம்." பிறகு குரலைத் தாழ்த்தினாய். "நாக்கில வைச்சனியே?"

"வைச்சனான்."

என் முகத்தைப் பார்த்தாய். உனக்கு விளங்கிவிட்டது.

பங்களா அம்மா வந்தா. "ஆர் இந்த வேலை பார்த்தது?"

"உப்புப் போடச் சொன்னது நான்தான் அம்மா" என்றாய்.

அது பொய்யில்லை. மிச்சத்தை நான் சொல்லியிருக்கவேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் சமத்துவம் பேசிய வாய் மூடிக் கிடந்தது. "இவங்களைத் தொட்டிக்குள்ள கைவிட விட்டதே பிழை" என்று சொல்லி, பங்களா அம்மா அன்றைக்கே உன்னை வேலையால் நிற்பாட்டினா. நான் படலைவரை வந்தேன். நீ சைக்கிளில் ஏறிக்கொண்டு, "உன்னையும் நிப்பாட்டினால் கூட்டத்தில ஆர் மச்சான் பேசுறது?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

வேறு வேலை கிடைக்காமல் உப்பு லொறியில் மூட்டை ஏற்றப் போனாய். மூன்று மாதத்தில் மாங்குளத்துக்குக் கிட்ட அந்த லொறி புரண்டது. மூட்டைகளின் மேல் நீ இருந்தாயாம். பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் செய்தி சொன்னவன் உன் பெயரைச் சொல்லவில்லை. "அவங்களில ஒருத்தன்" என்றான். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

செத்தவீட்டுக்கு வந்தேன். வெயிலில் வந்த பிள்ளை என்று உன் அம்மா செம்பில் தண்ணீர் நீட்டினா. "தாகமில்லை" என்றேன். எட்டு மைல் சைக்கிள் ஓடி வந்திருந்தேன். அவா என் முகத்தைப் பார்த்தா, நீ பார்த்தது போலவே. பிறகு செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்தா.

இன்று களஞ்சியத்தில் விரலை ஈரமாக்கி, அந்த வெள்ளைக் கோட்டில் இழுத்து, நாக்கில் வைத்தேன். கரித்தது. பழைய பாசியின் வாடையும் இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு, பழக்கத்தில், விரலை வேட்டியில் துடைத்தேன்.

ஒருவரும் இல்லாத அறையில் இதைச் செய்வது லேசு. தொட்டியை இன்னும் கழுவவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போவேன். மீன் செத்தது யாரால் என்று உன் அம்மாவிடம் சொல்வேன். சொல்லிவிட்டு, முற்றத்தில் ஆட்கள் இருக்கும்போதே, குடிக்கத் தண்ணீர் கேட்பேன்.

தருவாவோ தெரியாது.