வேகத்தைக் குறைக்க மாட்டேன்

யூனிபார்மைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து ஆரஞ்சு நிற இயர் பிளக் ஒன்று விழுந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பிரஸ் மெஷின் இரைச்சலுக்காக நமக்குக் கொடுப்பது. நாம் அதை ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலுக்குப் பதுக்கி வைத்தோம். காதை அடைத்துக்கொண்டு பாட்டுப் போட்ட பெண்கள் இந்தத் திருவள்ளூர் ஜில்லாவிலேயே நாம் இருவர்தான்.

மணவாள நகரில் உன் வீட்டு மாடி அறை, மேலே தகரக் கூரை. என் கிதார் கரகரவென்று உறுமும். பெடலை மிதித்தால் அந்த உறுமலே ராட்டினத்தில் ஏறியதுபோல் சுற்றிச் சுற்றித் துள்ளும். அதற்கு மேல் நீ எழவு வீட்டில் உட்கார்ந்தவள் மாதிரி பாடுவாய்.

"இன்னாடி, நான் ஆடறதுக்கு வாசிக்கிறேன், நீ அழுவுற?" என்றேன் முதல் நாள்.

"அழுவுறவளுக்குக் காலு இல்லியா?" என்றாய், மைக்கைக்கூட இறக்காமல். நம் ஆல்பம் எப்படி இருக்கும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

எல்லாப் பாட்டையும் பாடிப் பதிவுசெய்து முடித்தாய். பிறகு காய்ச்சல் என்று படுத்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மிக்ஸிங் செய்துதரும் வேப்பம்பட்டு அண்ணன் நல்ல மனுஷன்தான். போன வாரம் அவர்தான் ஆரம்பித்தார். "செத்துப்போன பொண்ணு குரலும்மா. பின்னாடி இவ்ளோ துள்ளல் நல்லா இல்ல. வேகத்தக் கொறச்சு, கிதார எடுத்துட்டு, புல்லாங்குழல் வெச்சிரலாம். கேக்கறவங்க உருகிடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்தவரை, "பொம்பளப் பசங்களுக்கு இன்னாத்துக்கு இந்தக் காட்டுக் கத்தல்" என்று கேட்ட ஊர் இது. இப்போது செத்ததும் உன்னைச் சாதுவாக்கி, மாலை போட்டு மாட்டப் பார்க்கிறது. "அந்த வேகத்துலதான் அவ பாடினாண்ணா. கொறச்சா அது அவ இல்ல" என்றேன்.

"எதுக்கும் அவங்க அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்க" என்றார்.

கேட்டேன். உங்கள் வீட்டுக் கூடத்தில், உன் படத்துக்கு எதிரிலேயே பாட்டைச் சத்தமாகப் போட்டேன். உன் பெரியம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "சாவு ஊட்ல இன்னா கூத்துடி இது? நிறுத்து!"

உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்தாத. காலைல கம்பெனி பஸ்ஸப் புடிக்க இப்டித்தான் ஓடுவா. அழுதுகினே ஓடுவா."

அடுத்த பாட்டுக்கு அம்மாவின் கால்விரல் தரையைத் தட்டியது. பெரியம்மாவும் அதைப் பார்த்தார்.

ஆகவே ஆல்பம் நீ பாடிய வேகத்திலேயே வருகிறது. உருக வேண்டியவர்கள் ஆடிக்கொண்டே உருகட்டும். கடைசிப் பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்கச் சிரித்து என்னிடம் ஒன்று கேட்டாயே, அதைத் தேவையில்லாத பேச்சு என்று அண்ணன் வெட்டியிருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து திரும்ப ஒட்டவைத்தேன். ஆல்பம் அந்தக் கேள்வியோடுதான் முடிகிறது: "இன்னொரு தபா போலாமா?"

இயர் பிளக்கைக் காதில் செருகிக்கொண்டு கிதாரைக் கையில் எடுத்தேன். போலாம்டி.