சாந்தி மடியில் இரண்டு கிலோ ராகி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. தைத்து முடித்தவை: பட்டன் துணி மூன்று, ஜிப் துணி இரண்டு, தடவிப் பார்க்க வெல்வெட்டும் சாக்கும் சேர்த்துத் தைத்த துணி நான்கு. பட்டன் ஒவ்வொன்றையும் பத்து முறை இழுத்துப் பார்க்க வேண்டும். மேரி அக்கா போட்ட விதி. பிய்ந்தால் யாராவது விழுங்கிவிடுவார்கள். இன்று முழுக்க இழுத்ததில் கட்டைவிரல் எரிகிறது.

மத்தியானம் பாப்பாரப்பட்டியில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பகல் மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வருகிறவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். சிலருக்குப் பேச்சு வராது. கைக்கு ஏதாவது கொடுத்தால்தான் உடம்பு அமைதியாகும். நடத்துவது மேரி அக்கா ஒருத்திதான், கூடச் சமையலுக்கு ஓர் அம்மா.

சாந்தியைப் பற்றிச் சொன்னார். பக்கத்து ஊர். இருபத்தேழு வயது, என்னைவிட நான்கு வயது பெரியவள். மையத்து வேனில் ஏறினால் கையைக் கடித்துக்கொள்கிறாள். போன வாரம் பக்கத்தில் இருந்தவர் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். மற்ற வீடுகளில் புகார்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை பெத்தவங்க கூட்டம். அதுக்குள்ள அடங்கலேன்னா வேன்ல ஏத்த முடியாது தேவி. மடியில வெயிட்டா ஒண்ணு வெச்சா உக்காருவா. பழசு கிழிஞ்சிபோச்சு. நீ ஒண்ணு தெச்சுக் குடு."

சரி என்றேன். எப்போதும்போல. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

வெயில். முதுகு வலி.

உள்ளே என்ன போடுவது? மணல் கசியும். அக்கா சொன்ன பிளாஸ்டிக் மணி பாலக்கோட்டில் நான்கு கடை ஏறியும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"ராகி போடு. மூட்டையில கெடக்குதே."

இரண்டு கிலோ. கட்டம் கட்டமாகத் தைத்து, கட்டத்துக்கு ஒரு கை அளவு. தொட்டால் மணல்போல நழுவுகிறது. அழுத்தினால் ஒவ்வொரு மணியும் விரலுக்குத் தெரிகிறது. நான் தைத்ததில் இதுதான் நன்றாக வந்தது. என் மடியிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

மேரி அக்கா போனில்: "எப்படி வெச்சிக்கணும், என்ன பண்ணக்கூடாதுன்னு அவங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு."

ஈரம் படக் கூடாது. துவைக்கக் கூடாது. அழுக்கானால் என்னிடம் கொடுங்கள். வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சாந்தி ஊருக்குப் போனால் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

சாந்தியின் அம்மா ரத்தினம்மா ஓடி வந்தார். "டீச்சரு, உள்ளார வாங்க. டீ வெக்கறேன்."

நான் டீச்சர் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. "மடியில வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மற்றதை நாளை சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 10, வியாழன்

வேன் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். எட்டரைக்கு ரோட்டில் நின்றேன். சாந்தி ஜன்னலோரம். மடியில் பை. பத்து விரலும் ராகிக்குள் புதைந்த மாதிரி. வாய் பக்கம் கை போகவே இல்லை.

டிரைவர் அண்ணன் வண்டியை மெதுவாக்கி, "பாப்பா, எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடு. எம் பொண்டாட்டி மடியில வெக்கறேன், வூட்ல சத்தம் கொறையட்டும்" என்றார். சிரிப்பு வந்தது.

ரத்தினம்மாவிடம் சொல்லவில்லை. அவர் தக்காளி பறிக்கப் போயிருந்தார்.

ஜூலை 12, சனி

மறுபடி மூட்டம். மேரி அக்காவுக்கு இதே மாதிரி இன்னும் ஐந்து வேண்டுமாம். சரி என்றேன். தர்மபுரியில் வங்கித் தேர்வு வகுப்பு திங்கள் முதல், காலை ஒன்பதரை. எப்போது தைப்பது?

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவிடம்: "காலேஜெல்லாம் படிக்க வெச்சு, கடைசில தலவாணி தெக்கிதா உன் புள்ள?"

அம்மா: "தெச்சா தெக்கட்டும். உன் வூட்ல சும்மாதான கெடக்குது ஒண்ணு."

அம்மாவுக்கு வாய் இருக்கிறது. எனக்கு ஏன் இல்லை.

ஜூலை 14, திங்கள்

எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

முதல் நாள் வகுப்பு முடிந்து மையத்துக்குப் போனேன். பை மேஜைமேல். மேலே மெல்லிய வெள்ளை நூல்கள். நூல் பிரிந்துவிட்டது என்று தொட்டேன். வேர். தையல் ஓட்டை வழியாக வெளியே வந்திருக்கிறது. புளித்த வாடை.

எச்சில் நாற்றம் என்று ரத்தினம்மா சனிக்கிழமை துவைத்திருக்கிறார். வெயில் இல்லாததால் பிழிந்து, சுருட்டி, மூடி வைத்திருக்கிறார். ராகி மாவுக்கு முளைகட்ட நாங்கள் எல்லாரும் செய்வது அதேதான்.

காலையில் சாந்தி அதை மடியிலிருந்து தள்ளிவிட்டாளாம். பிறகு கையைக் கடித்திருக்கிறாள். ரத்தம். டிரைவர் அண்ணன் பாதி வழியில் வண்டியை நிறுத்தும்படி ஆகிவிட்டது.

மேரி அக்கா: "அந்தம்மாவுக்குச் சொன்னா காதுல ஏறாது. நீ சொல்லியும் தொவச்சிருக்காங்க பாரு. நாளைலேருந்து சாந்தி வர வேணாம்னு சொல்லிட்டேன். வூட்டுலயே ஒழுங்கா பாத்துக்கலேன்னா நான் மட்டும் என்ன பண்றது?"

நீ சொல்லியும்.

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழைத் தூறல். வகுப்பில் வட்டிக் கணக்கு. ஒன்றும் ஏறவில்லை. பஸ்ஸில் மேரி அக்காவுக்கு மெசேஜ் மூன்று முறை அடித்து அழித்தேன்.

சாயங்காலம் ரத்தினம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். வெளியிலேயே நின்றார். முந்தானையில் அரைப் படி ராகி.

"தப்பு எம்மேலதானுங்க டீச்சரு. நாத்தம் தாங்கலீங்க, தொவச்சிப்புட்டேன். ராகிய நனைக்கறமேன்னு தோணவே இல்லீங்க, துணின்னுதான் நெனச்சேன். இன்னிக்குக் காட்டு வேலைக்குப் போகல. இவள வுட்டுட்டு எப்பிடிப் போறது? இன்னொண்ணு மட்டும் தெச்சுக் குடுங்க. நீங்க சொன்னா மேரியம்மா கேப்பாங்க."

அம்மா உள்ளேயிருந்து, "ஏன் புள்ள, தொவைக்கக் கூடாதுன்னு நீ சொல்லலியா?" என்றாள்.

"சொல்லல."

அந்த ஒரு வார்த்தை வெளியே வர எவ்வளவு நேரம். ரத்தினம்மா என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. "பரவால்லீங்க" என்றார்.

அவர் போன பிறகு அம்மா: "மொளகட்டத் தெரியாத ஆளு இந்த ஊர்லயே கெடயாது. ஈரத் துணில ராகி என்னாகும்னு நம்ம ரெண்டு பேருக்குமே தோணல பாரு." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 16, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் மையம். மேரி அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் வந்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, நான் அவங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல. தப்பு என்னோடது."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "இத முந்தாநேத்தே சொல்லியிருந்தா அந்தம்மா ரெண்டு நாளு வேலையில்லாம வூட்ல உக்காந்திருக்க மாட்டாங்களே."

"ஆமாங்க அக்கா."

"நாளைக்கு ஏத்தச் சொல்றேன். ஆனா பக்கத்துல யாராச்சும் உக்காரணும். மறுபடி யாரையாச்சும் புடிச்சிட்டான்னா சனிக்கிழமை கூட்டத்துல நான் என்ன பேசறது?"

யாராவது என்றால் யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் முழுக்க வேலை. முதலில் கோலிக்குண்டு போட்டு ஒன்று. சாந்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாள். திரும்பவும் ராகி. இந்த முறை வறுத்தது, தடித்த பிளாஸ்டிக் பைக்குள். மேலே ஜிப் வைத்த உறை தனியாக. ரத்தினம்மாவை உட்கார வைத்து, உறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, நான்கு முறை செய்துகாட்டினேன். "இத மட்டும் தொவைங்க. உள்ள இருக்கறத தண்ணியில போடாதீங்க." குழாயடிக்கே கேட்டிருக்கும்.

"வறுத்தா மொளைக்காதுங்களே" என்றார், சமாதானமாக.

தோள் கழன்றுவிடும்போல வலிக்கிறது.

ஜூலை 17, வியாழன்

லேசான வெயில். எட்டு மணிக்கே சாந்தி ஊருக்கு நடந்துபோய் அவளோடு வேன் ஏறினேன். பையை மடியில் வைத்தேன். தள்ளினாள். எடுத்து வைத்தேன். தள்ளினாள். கை வாய்க்குப் போனது. முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் பையை என் மடியில் வைத்து நானே அழுத்திக்கொண்டிருந்தேன். வறுத்த ராகி சலசல என்றது. எங்கள் ஊர் தாண்டியதும் ஒரு கை வந்தது. பிறகு இன்னொன்று. என் மடியில் இருந்தபடியே பிசைந்தாள், நடுவில் என் விரல்களையும் சேர்த்து. நகம் பட்டது. எடுக்கவில்லை. மையம் வரை கடிக்கவில்லை.

இறங்கும்போது டிரைவர் அண்ணன், "நாளைக்கும் வருவியா பாப்பா? நீ வந்தா ஏத்தறேன்" என்றார்.

மணி ஒன்பது பத்து. தர்மபுரி பஸ் போய்விட்டிருந்தது.

"வர்றேங்க."