சேவலும் பூனையும் பின்னிய சாக்ஸ்

அனிதா கண்ணு,

நானும் உன் அத்தையும் உன் கொழுந்தன் தமிழ்செல்வனுக்குப் பெண் பார்க்கப் பெருமாநல்லூர் புறப்பட்டுவிட்டோம். அரிசிம்பருப்புச் சோறு மூடி வைத்திருக்கிறது. என்மேல் கோபித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு ஷிப்டுக்குப் போய்விட்டாய். வந்ததும் முதலில் சாப்பிடு. பால்காரரிடம் கூடுதலாகப் பால் வாங்கி வை. சம்பந்தம் அமைந்தால் பாயசம் வைக்கலாம்.

கம்பெனியில் மிஞ்சிய நூலில் நீ பின்னித் தந்த சாக்ஸைப் பார்த்து, "இதப் போட்டுட்டுப் போனா குடும்ப மானம் என்னாவறது?" என்று கேட்டேன். "பூட்ஸுக்குள்ள இருக்கறத ஆருங்க மாமா பாக்கறாங்க?" என்றாய். பெண் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்ற வேண்டாமா?

ஆனால் என் கறுப்பு சாக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. ஓட்டை சாக்ஸோடு அந்த வீட்டில் உட்கார என்னால் முடியாது. அதனால் உன்னுடையதைப் போட்டிருக்கிறேன்.

கூடத்தில் நடந்து பார்த்தேன். இடது காலில் சேவல், வலது காலில் பூனை. ஓர் அடிக்குப் பூனை துரத்துகிறது, அடுத்த அடிக்குச் சேவல் துரத்துகிறது. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டு ஆள், சிரிக்கலாம். பூனைக்கு ஜரிகை நூலில் கண் வைத்தது நன்றாகத்தான் இருக்கிறது.

உன் மாமனார்,
மாரப்பன்

அடுத்த ஜோடியில் காங்கேயம் காளை போடு. கம்பீரமாக இருக்கும்.

இன்னொன்று. யார் கேட்டாலும் என் மருமகள் பின்னியது என்றுதான் சொல்வேன். அங்கே எவராவது ஏளனமாகச் சிரித்தால் அந்தச் சம்பந்தமே வேண்டாமென்று எழுந்து வந்துவிடுவேன். அப்படி வந்தாலும் பாயசம் வை.